லாஸ் ஏஞ்சலஸ்: நகர இணைப்பும் நகராட்சி இல்லாத புறநகர்களும்

கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) இன்று 88 நகரங்கள் உள்ளன. இவற்றில் எதிலும் சேராத பகுதிகளில் சுமார் 10 லட்சம் பேர் வாழ்கின்றனர். அவர்களுக்கு மேயரும் இல்லை, நகர மன்றமும் இல்லை. சாலை, தீயணைப்பு, கட்டட அனுமதி ஆகியவற்றைக் கவுண்டி நிர்வாகம் பார்க்கிறது. காவல் பணி கவுண்டியின் ஷெரிப் துறையைச் சேர்ந்தது.

இந்த நிலையின் வேர் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் விரிந்த விதத்தில் இருக்கிறது. 1850-இல் நகரமாகப் பதிவான லாஸ் ஏஞ்சலஸின் அன்றைய பரப்பு சுமார் 73 சதுர கிலோமீட்டர். கடலைத் தொடுவதற்காக 1906-இல் நகரம் தெற்கே ஒரு குறுகிய நிலப்பட்டையை இணைத்தது. 1909-இல் துறைமுக ஊர்களான சான் பெட்ரோவும் வில்மிங்டனும் வந்து சேர்ந்தன. தனி நகரமாக இருந்த ஹாலிவுட், தண்ணீரும் கழிவுநீர் வசதியும் வேண்டி 1910-இல் இணைந்தது.

நகரத்தின் உண்மையான பிடி தண்ணீரில்தான் இருந்தது. வில்லியம் மல்ஹாலண்ட் என்ற பொறியாளரின் பொறுப்பில், ஓவன்ஸ் ஆற்று நீரைச் சுமார் 375 கிலோமீட்டர் தொலைவிலிருந்து கொண்டுவரும் கால்வாய் 1913-இல் திறக்கப்பட்டது. அந்த நீர் வேண்டுமானால் நகரத்தில் சேர வேண்டும் என்பதே நிலை. 1915-இல் சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கின் பெரும்பகுதி சேர்ந்தபோது நகரின் பரப்பு இரு மடங்குக்கும் மேலானது. சொந்தக் கிணறுகள் இருந்த சான் பெர்னாண்டோ ஊர் மட்டும் அசையவில்லை. இன்றும் நான்கு பக்கமும் லாஸ் ஏஞ்சலஸ் சூழ்ந்திருக்கத் தனி நகரமாகவே இருக்கிறது. 1923-இல் பெவர்லி ஹில்ஸ் மக்களும் இணைப்பை வாக்கெடுப்பில் நிராகரித்தனர். எதிர்ப்புப் பிரசாரத்தில் மேரி பிக்ஃபோர்டு உள்ளிட்ட திரை நட்சத்திரங்கள் இறங்கியிருந்தனர்.

1941-இல் கொலராடோ ஆற்று நீர் மற்ற ஊர்களுக்கும் வரத் தொடங்கியதும் அந்தப் பிடி தளர்ந்தது. நிலைமையை முற்றிலும் மாற்றியது லேக்வுட். 1950-இல் விற்பனைக்கு வந்து, சில ஆண்டுகளில் 17,500 வீடுகளாகப் பெருகிய இந்தக் குடியிருப்பை, பக்கத்து நகரமான லாங் பீச் துண்டு துண்டாக இணைத்துக்கொள்ள முயன்றது. குடியிருப்போர் 1954-இல் லேக்வுட்டைத் தனி நகரமாக்கிக்கொண்டனர். ஆனால் புதிய நகரம் காவல் துறையையோ தீயணைப்புத் துறையையோ புதிதாக அமைக்கவில்லை. கவுண்டி ஏற்கெனவே செய்துவந்த சேவைகளையே பெரும்பாலும் ஒப்பந்தம் போட்டு விலைக்கு வாங்கியது. ‘லேக்வுட் திட்டம்’ என்று பெயர்பெற்ற இம்முறையும், நகரங்களுக்கு 1 சதவீத விற்பனை வரியைத் தரும் 1956-ஆம் ஆண்டு ஏற்பாடும் சேர்ந்து புதிய நகரங்களைப் பெருக்கின. சிலவற்றின் நோக்கம் வெளிப்படையானது: தொழிற்சாலை நிலத்தையும் அதன் வரியையும் வளைத்துக்கொள்வது. 1957-இல் உருவான சிட்டி ஆஃப் இண்டஸ்ட்ரி, குறைந்தது 500 பேர் வேண்டும் என்ற விதிக்காக அங்கிருந்த மனநலக் காப்பக நோயாளிகளையும் குடிமக்களாகக் கணக்கில் காட்டியது.

இப்படி நகரங்கள் முளைப்பதற்குக் கடிவாளமிட 1963-இல் மாநிலச் சட்டம் ஒவ்வொரு கவுண்டிக்கும் ஓர் எல்லை ஆணையத்தை ஏற்படுத்தியது. அதற்குள் வரி தரும் நிலங்களில் பல கைமாறிவிட்டன. எந்த நகரத்திலும் சேராத, மெக்சிகோ வம்சாவளியினர் மிகுந்த கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் இதற்கு உதாரணம். அருகிலிருந்த தொழிற்சாலைப் பகுதி 1960-இல் காமர்ஸ் என்ற தனி நகரமானது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் நகர முயற்சிகள் 1961-இலும் 1974-இலும் தோற்றன. மறுபடி மனு போனபோது, தன் செலவைத் தானே தாங்கும் அளவுக்கு அங்கே வருவாய் இல்லை என்று 2012-இல் ஆணையம் மறுத்துவிட்டது.