தாடையின்கீழ் ஓர் ஊற்று



முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பில் நின்று பேசியவன் நான். நா வறண்டால் பாடம் நின்றுவிடும். ஒரு குவளை நீர் பருகினால் மீண்டும் தொடரலாம். அவ்வறட்சி ஆயுள் முழுவதும் நீங்காவிட்டால்? சோறு தொண்டையில் இறங்காது, பற்கள் சொத்தையாகும், இரவில் நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். கழுத்தில் அறுவையும் கதிர்ச் சிகிச்சையும் பெற்றுப் புற்றுநோயினின்று தப்பிய பலர் உயிருக்கு ஈடாகக் கொடுத்த விலை இது.

வாயிலும் தொண்டையிலும் தோன்றும் புற்று, கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவும். கணுக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கியெடுத்தால் நோய் மிஞ்சிவிடும் என்று கண்டவர், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்து அறுவை மருத்துவர் ஜார்ஜ் கிரைல். கழுத்தின் பெருந்தசை, பெருஞ்சிரை, தாடையின்கீழ் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பி ஆகியவற்றையும் கணுக்களோடு ஒரே திரளாக அகற்றும் முறையை வகுத்தார். தாம் செய்த 132 அறுவைகளைப் பற்றி 1906-இல் எழுதினார். அவரைக் கொடியவர் என்று எண்ணிவிடாதீர்கள். அக்காலத்தில் அந்நோயாளிகளுக்கு வேறு நம்பிக்கை அரிது.

அரை நூற்றாண்டுக்குப் பின், 1963-இல், அர்ஜென்டினாவின் ஒஸ்வால்டோ சுவாரஸ் வேறு வழி காட்டினார். கணுக்கள் மெல்லிய உறைகளுக்குள் அடங்கியிருக்கின்றன. அவ்வுறைகளை உரித்தெடுத்தால் தசையையும் சிரையையும் நரம்பையும் விட்டுவைக்கலாம் என்றார். அவர் எழுதியது ஸ்பானிய மொழியில். ஆங்கிலம் மட்டும் படித்தோரை அது தாமதமாகவே எட்டியது. மொழியறியாமை மருத்துவத்திலும் தடைக்கல்லாவதைப் பாருங்கள்!

ஆயினும், தசைக்குக் கிடைத்த மன்னிப்பு சுரப்பிக்கு உடனே கிடைக்கவில்லை. கணுக்கள் அதனை ஒட்டியே கிடப்பதால், அதையும் சேர்த்து எடுப்பதே வழக்கமாக நீடித்தது. காதருகே உள்ள சுரப்பியினுள் கணுக்கள் உண்டு. தாடைக்கீழ்ச் சுரப்பியினுள் இல்லை. கருவிலேயே அதன் உறை முன்னதாக மூடிக்கொள்கிறது. ஆகவே, அருகிலிருந்து நேரே ஊடுருவினாலன்றிப் புற்று அதனுள் புகுவது அரிது. நாம் உண்ணாதிருக்கும் வேளையில் வாயை நனைக்கும் உமிழ்நீரில் பாதிக்கு மேல் இச்சுரப்பிகள் இரண்டும் தருவதே.

அறுவையில் தப்பினாலும் கதிர்வீச்சு சுரப்பியை வறளச் செய்துவிடும். இதற்குக் கனடாவின் எட்மன்டன் நகரில் ஒரு வழி கண்டனர். நோய் பரவாத பக்கத்துச் சுரப்பியை, இரத்த ஓட்டம் நின்றுவிடாதபடி, மோவாய்க்குக் கீழே நகர்த்தி வைத்துக் கதிர்களின் பாதையினின்று விலக்கினர். சைகாலி என்ற மருத்துவரும் உடனுழைத்தோரும் 2001-இல் இதனை வெளியிட்டனர்.

வாயினுள் எழும் புற்று சுரப்பியை நெருங்கியிருந்தால் இன்றும் அதை எடுத்தேயாக வேண்டும். விட்டுவைப்பதா, எடுப்பதா என்பதை அறுவை மருத்துவர் ஒவ்வொரு கழுத்திலும் புதிதாகத் தீர்மானிக்கிறார்.