மாகாண ஆட்சியும் நம் உரிமையும்

1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களுக்குச் சில அதிகாரங்களைப் பகிர்ந்தளித்தது. சென்னை மாகாண ஆட்சி இரு கூறாயிற்று. நிதி, காவல், நிலவரி முதலியன கவர்னரிடமும் அவருடைய நிர்வாக சபையினரிடமும் இருந்தன. கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி முதலியன சட்டசபைக்குப் பொறுப்பான மந்திரிகளிடம் வந்தன. பள்ளிக்கூடத்தின் பொறுப்பு ஓரிடம். பணப்பெட்டியின் சாவி வேறிடம்!

சொத்தை ஒட்டியே வாக்குரிமை அமைந்ததால் நம்மவருள் மிகப் பெரும்பாலோர்க்கு அஃது எட்டவில்லை. நியமன உறுப்பினர்களே நமக்காகப் பேசினர். அவர்களுள் ஒருவரான இரட்டைமலை சீனிவாசன் 1924இல் கொணர்ந்த தீர்மானம், பொதுச்சாலை, கிணறு, குளம் ஆகியவை எல்லார்க்கும் உரியன என்றது, அரசாணையும் பிறந்தது. ஆயினும் அவ்வாணை எல்லா ஊர்க் கிணற்றடிகளையும் எட்டிவிடவில்லை.

இரட்டையாட்சி 1937இல் முடிவுற்றது. அதன் பாடம் முடியவில்லை. இளைஞர்களே! எவ்வதிகாரம் எவரிடம் உள்ளதென அறிந்தவரே உரிமையை உரிய இடத்தில் கேட்டுப் பெறுவர். அவ்வறிவைத் தருவது கல்வியே.