ஹெர்பீஸ் இரத்தப் பரிசோதனை: தெளிவற்ற முடிவுகளின் வரலாறு

ஹெர்பீஸ் இரத்தப் பரிசோதனை என்பது ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரசுக்கு எதிராக உடலில் உருவாகும் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் உள்ளனவா எனக் காணும் சோதனை ஆகும். இது வைரசை நேரடியாகக் காட்டுவதில்லை. எனவே இதன் முடிவு பல நேரங்களில் ஐயத்துக்கு இடமளிக்கிறது.

பெயர்க் குழப்பம்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் 'அக்கி' எனப்படுவது ஹெர்பீஸ் சோஸ்டர் ஆகும். மட்பாண்டத் தொழிலாளர்கள் காவி மண்ணைக் குழைத்துக் கொப்புளங்களின் மேல் பூசுவதை 'அக்கி எழுதுதல்' என்பர். அக்கியை உண்டாக்குவது சின்னம்மை வைரஸ். ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வேறு வைரஸ். அதில் முதல் வகை பெரும்பாலும் வாயோரப் புண்ணையும், இரண்டாம் வகை பிறப்புறுப்புப் புண்ணையும் உண்டாக்குகின்றன. முதல் வகை பிறப்புறுப்பிலும் வரலாம்.

முன்னோடிச் சோதனைகள்

இரத்தச் சோதனை ஏமாற்றக்கூடும் என்பது பழைய பாடம். 1906இல் ஜெர்மனியில் ஆகஸ்ட் வாசர்மன் மேகப்புண் நோய்க்கு ஒரு சோதனையை உருவாக்கினார். தொழுநோய், மலேரியா உள்ளவர்களுக்கும் அது நோய் இருப்பதாகக் காட்டுவதுண்டு எனப் பின்னர் தெரியவந்தது. 1971இல் எலைசா முறையும், 1979இல் வெஸ்டர்ன் பிளாட் முறையும் வந்தன. முதலாவது விரைவானது; இரண்டாவது ஐயத்தைத் தீர்க்கப் பயன்பட்டது.

இவ்விரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்பட்ட நிகழ்வு 1986இல் தமிழ்நாட்டில் நடந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமன் வழிகாட்டலில் மாணவி செல்லப்பன் நிர்மலா இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செய்த சோதனையில் ஆறு மாதிரிகள் எச்.ஐ.வி. இருப்பதாகக் காட்டின. அம்முடிவு அமெரிக்காவில் மறுசோதனையில் உறுதியானது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது இவ்வாறே. இன்று பெரம்பலூர், அரியலூர் உட்பட மாவட்டந்தோறும் இயங்கும் 'நம்பிக்கை மைய'ங்களில், நோய்க்குறி இல்லாத ஒருவருக்கு எச்.ஐ.வி. உண்டு எனச் சொல்வதற்கு முன் மூன்று வெவ்வேறு சோதனைகள் ஒத்துப்போக வேண்டும்.

ஹெர்பீஸ் சோதனையின் வளர்ச்சி

ஹெர்பீசுக்கு இத்தகைய ஒழுங்கு பரவலாக அமையவில்லை. 1968இல் ஆந்திரே நாமியாஸ், வால்டர் டவுடில் ஆகியோர் இரு வகைகளுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கினர். ஆனால் இரண்டின் புரதங்களும் பெரிதும் ஒத்தவை. ஆகவே பழைய சோதனைகளால் வகை பிரிக்க இயலவில்லை. கிளைக்கோபுரதம் ஜி மட்டும் வகைக்கு வகை தெளிவாக வேறுபடுவது. அதை அடிப்படையாகக் கொண்ட சோதனைகள் 1999 முதல் விற்பனைக்கு வந்தன.

கருவையும் பச்சிளங்குழந்தையையும் தாக்கும் தொற்றுகளுக்கு 1970களின் தொடக்கத்தில் 'டார்ச்' என்ற தொகுப்புப் பெயரைத் தந்தவரும் நாமியாசே. பின்னர் இந்தியாவில் கருச்சிதைவுற்ற பெண்களுக்கு இச்சோதனைத் தொகுப்பை எழுதித்தருவது வழக்கமாயிற்று. இதில் வரும் ஐ.ஜி.எம். முடிவு வகையைப் பிரிப்பதில்லை. பழைய தொற்று மீண்டும் தலைகாட்டும்போதும் அது தோன்றலாம். ஆகவே அதை வைத்துப் புதுத் தொற்று என முடிவுகட்ட இயலாது. அம்முடிவைக் கொண்டு பெண்ணின் மீதோ கணவன் மீதோ பழி சுமத்துவதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை.

முடிவைப் படிக்கும் முறை

பல ஐ.ஜி.ஜி. சோதனைகளில் 0.9க்குக் கீழே இருந்தால் 'இல்லை', 1.1க்கு மேல் இருந்தால் 'உண்டு', இடைப்பட்டால் 'ஐயம்' எனக் குறிப்பர். இரண்டாம் வகைக்கு 1.1 முதல் 2.9 வரையிலான முடிவை வேறு முறையில் உறுதிப்படுத்த வேண்டும் என அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021 வழிகாட்டுதல் கூறுகிறது. தொற்றிய புதிதில் எதிர்ப்பொருள் உருவாகியிராது. ஆகவே 12 வாரங்களுக்குப் பின் மறுசோதனை செய்வது நல்லது. புண் இருக்கும்போதே அதிலிருந்து மாதிரி எடுத்துச் செய்யும் பி.சி.ஆர். சோதனை இரத்தப் பரிசோதனையைவிடத் தெளிவானது.

முதல் வகைக்கு 'உண்டு' என வருவது வியப்பன்று. உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, 2020இல் 50 வயதுக்குட்பட்டோரில் சுமார் 380 கோடிப் பேரிடம் அது இருந்தது. அது எப்போது, யாரிடமிருந்து வந்தது என்பதை இரத்தம் சொல்லாது. சிறுவயதில் பெற்றோர் தந்த முத்தத்தாலும் அது வந்திருக்கலாம்.

அறிகுறி இல்லாதவர்களுக்கு ஹெர்பீஸ் இரத்தப் பரிசோதனை வேண்டாம் என அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2016இலும் 2023இலும் பரிந்துரைத்தது. அவ்வாறு சோதித்தால் 'உண்டு' என வரும் முடிவுகளில் ஏறத்தாழ இரண்டில் ஒன்று தவறாக இருக்கலாம் என்பது அதற்கான காரணங்களுள் ஒன்று. எனவே தெளிவற்ற தாள் ஒன்றைக் கையில் வைத்திருப்பவர், மணமுறிவு போன்ற முடிவுகளுக்கு முன், அதனை மருத்துவரிடம் காட்டி உறுதிச் சோதனை பற்றிக் கேட்பது இன்றியமையாதது.