கார் பேட்டரி டவுன், பானெட்டும் திறக்கலையா? சாமுண்டி மலையில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

மழைக்காலக் காலை. மைசூருவிலிருந்து சாமுண்டி மலை ஏறுகிறீர்கள். மூடுபனி, அதனால் ஹெட்லைட் ஆன். மேலே வண்டியை நிறுத்திவிட்டு, லைட்டை அணைக்க மறந்து, தரிசன வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பினால் ரிமோட்டை எத்தனை முறை அழுத்தியும் கதவு திறக்கவில்லை. புது கார்கள் பல தாமாகவே லைட்டை அணைத்துவிடும், இல்லையென்றால் பீப் அடித்தாவது சொல்லும். பழைய கார் வாயே திறக்காது.

கணக்கு எளிதுதான். 55 வாட் ஹாலோஜன் பல்பு இரண்டு, மொத்தம் 110 வாட். 12 வோல்ட்டில் அது சுமார் 9 ஆம்பியர். சின்ன காரின் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி காகிதத்தில் 4 மணி நேரம்கூடத் தாங்காது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு ஒரே நேரத்தில் 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும் என்பதால், அதற்கு முன்பே வண்டி கைவிட்டுவிடும். சும்மா நின்றாலும் தப்பில்லை: அலாரம், கடிகாரம் எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளுக்கு 1.2 ஆம்பியர்-ஹவர். பொங்கலுக்கு ரயிலில் ஊருக்குப் போய் இரண்டு வாரம் தங்கினால் பாதி காலி.

முதலில் கதவு, அப்புறம் பானெட்

பெரும்பாலான கார்களில் பானெட்டைத் திறக்க கரண்டே வேண்டாம். டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் நெம்புகோலை இழுத்தால் ஒரு இரும்புக் கேபிள் பூட்டை விடுவிக்கும், அவ்வளவுதான். சிக்கல், அந்த நெம்புகோல் பூட்டிய காருக்குள் இருப்பது.

ஸ்மார்ட் கீயின் ஓரத்தில் ஒரு சின்ன பட்டன் அல்லது தாழ் இருக்கும். அதைத் தள்ளினால் உள்ளே ஒளிந்திருக்கும் சாவி வெளியே வரும். டிரைவர் கதவில் சாவித்துளை தெரியவில்லையா? சில மாடல்களில் அது கைப்பிடியின் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் இருக்கும். இதை இன்று வீட்டு வாசலிலேயே ஒருமுறை செய்து பாருங்க.

நெம்புகோலை இழுத்தும் பானெட் எழும்பவில்லை என்றால், ஒருவர் முன்பக்கத்தை உள்ளங்கையால் கீழே அழுத்த, இன்னொருவர் இழுக்க வேண்டும். இறுகிய பூட்டு பெரும்பாலும் விட்டுவிடும். பிறகு இடுக்கில் விரலை விட்டு இரண்டாவது கொக்கியைத் தள்ளுங்கள். பிஎம்டபிள்யூ கார்கள் பலவற்றில் பேட்டரியே டிக்கியில் இருக்கும். ஆனாலும் ஜம்ப் கொடுக்கும் முனைகள் பானெட்டுக்குள் உண்டு.

ஜம்ப் கொடுக்கும் வரிசை

பக்கத்துக் காரரிடம் கன்னடத்தில் கேட்க இது போதும்: "பேட்டரி டவுன் ஆகிதே, ஜம்ப் கேபிள் இதியா?"

சிவப்பு வயரை முதலில் உங்கள் பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனையை அவர் பிளஸ்ஸில் மாட்டுங்கள். கறுப்பு வயர் அவர் மைனஸில். அதன் மறுமுனை உங்கள் பேட்டரியில் அல்ல, எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில். கடைசி முனையில்தான் தீப்பொறி வரும், பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசியலாம் என்பதால் இந்தத் தூரம். அவர் வண்டி சில நிமிடம் ஓடட்டும், பிறகு உங்களுடையதை ஸ்டார்ட் செய்யுங்கள். கழற்றும்போது வரிசையைத் தலைகீழாக்குங்கள். உதவ வருவது எலெக்ட்ரிக் கார் என்றால், அதன் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுக்கலாமா என்று மேனுவலில் பார்த்துவிட்டே தொடுங்கள்.

"இறக்கம்தானே, உருட்டிடலாம்" வேண்டாம்

மலையில் நிச்சயம் யாராவது இந்த யோசனையைச் சொல்வார்கள். எஞ்சின் ஓடாதபோது பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும், அதன் பிறகு பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், கொண்டை ஊசி வளைவில் அது உங்கள் கையில் இல்லை. தள்ளி ஸ்டார்ட் செய்வது சமதரையில், மேனுவல் கியர் வண்டிக்கு மட்டும். ஆட்டோமேட்டிக்கில் வேலைக்கே ஆகாது.

பெங்களூரு–மைசூரு எக்ஸ்பிரஸ்வேயில் நின்றுவிட்டால், தெரிந்த மெக்கானிக்கை பைக்கில் வரச் சொல்ல முடியாது. 2023 ஆகஸ்ட் 1 முதல் பிரதான சாலையில் இருசக்கர வாகனங்களுக்குத் தடை. 1033-ஐ அழைத்து, அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணைச் சொல்லுங்கள்.

வண்டி ஓடிய பிறகு உடனே புது பேட்டரி வாங்கக் கிளம்பாதீங்க. கடையில் முழுதாக சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் ஓய்வில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 12.6 வோல்ட் என்றால் முழுசு, 12.2 என்றால் பாதி. முழு சார்ஜுக்குப் பிறகும் 12-க்குக் கீழே இறங்கினால் மாற்ற வேண்டியதுதான். எஞ்சின் ஓடும்போது சுமார் 13.5 முதல் 14.5 வரை காட்டவில்லை என்றால் ஆல்டர்னேட்டரையும் பார்க்கச் சொல்லுங்கள்.