சாயம் போகும், கேரண்டி!

யாரையாவது நக்கல் அடிக்கணும்னா "சாயம் வெளுத்துப் போச்சு"ன்னு சொல்வோம் இல்லையா? அதையே விளம்பரமா போட்டு அமெரிக்காவுல சட்டை வித்திருக்காங்க மக்களே. அதுவும் நம்ம கட்டம் போட்ட கைத்தறித் துணியில!

வருஷம் 1958. வில்லியம் ஜேக்கப்சன்னு ஒரு அமெரிக்கத் துணி இறக்குமதியாளர் இந்தியா வர்றார். சரக்கு கொடுக்கிறவர் கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர் (கண்ணூர்க்காரர், பின்னாடி லீலா ஹோட்டல்களை ஆரம்பிச்ச அதே ஆள்தான்). பளிச்சுனு நிறம், கட்டம் போட்ட மெட்ராஸ் துணி. கஜம் ஒரு டாலர்னு பேசி முடிச்சாங்களாம். பச்சைத் தண்ணியில பதமாத்தான் துவைக்கணும், இல்லேன்னா சாயம் இறங்கும்னு நாயர் அப்பவே எச்சரிச்சதா சொல்வாங்க.

ஜேக்கப்சன் அதுல 10,000 கஜத்தை நியூயார்க் புரூக்ஸ் பிரதர்ஸுக்குத் தள்ளிவிட்டார். 1818ல ஆரம்பிச்ச பெரிய கடை. துணி கடைக்குப் போச்சு, நாயர் சொன்ன வார்த்தை போகலை. சட்டை தைச்சு வித்தாச்சு. வாங்கினவங்க வழக்கம்போல துவைச்சாங்க. சாயம் இறங்கி ஒண்ணோட ஒண்ணு கலந்து, சட்டை வெளிறிப்போய் வந்துச்சு. புகார் குவிஞ்சு, விஷயம் வக்கீல் வரைக்கும் போயிடுச்சு.

எனக்கு இதுல உறுத்துறது ஒண்ணுதான். அந்தத் துணியில ஒரு சாண் வெட்டி, அமெரிக்க வீட்டுல துவைக்கிற மாதிரியே ஒரு தடவை துவைச்சுப் பார்த்திருந்தா ஒரு மணி நேரத்துல குட்டு வெளிப்பட்டிருக்கும். சாம்பிளைக் கண்ணால பார்த்தாங்க, தண்ணியில போட்டுப் பார்க்கலை.

இங்க திண்டுக்கல்லுக்குப் பக்கத்துல சின்னாளப்பட்டி சுங்குடி எடுத்தா, வீட்டுல என்ன சொல்வாங்க? "முதல் தடவை தனியா உப்புத் தண்ணியில ஊற வை, வெள்ளைத் துணியோட சேர்த்துடாதே." இதை யாரும் லேபிள்ல அச்சடிக்கலை. அச்சடிக்க வேண்டிய அவசியமே இல்லை, அம்மாவுக்குத் தெரியும். செய்யுறவனும் உடுத்துறவனும் ஒரே ஊர்ல இருக்கிற வரைக்கும் இது ஓடும். நடுவுல கடல் வந்துட்டா அந்த அறிவு கப்பல் ஏறாது. நாமதான் எழுதி ஏத்தி விடணும்.

நைஜீரியாவுல கலபாரி மக்கள் தலைமுறை தலைமுறையா மெட்ராஸ் துணி வாங்கினவங்க. அசல் சரக்கான்னு தொட்டும் முகர்ந்தும் பார்த்துத்தான் வாங்குவாங்களாம். துணியோட குணம் அவங்களுக்கு அத்துப்படி. அமெரிக்காவுக்கு அது புதுசு. பழைய வாடிக்கைக்காரர் கிட்ட ஓடின துணி, புது வாடிக்கைக்காரர் கிட்டயும் ஓடும்னு நினைச்சதுலதான் வம்பு.

அப்புறம் நடந்தது சினிமா. நாயரைக் கூப்பிட்டு 'செவன்டீன்' பத்திரிகையில பேட்டி போட்டாங்க. ஒவ்வொரு துவைப்புக்கும் நிறம் மாறுற அதிசயத் துணின்னு கதை கிளம்புச்சு. "சாயம் போகும், கேரண்டி"ன்னே விளம்பரம். 'பிளீடிங் மெட்ராஸ்' 1960கள்ல கல்லூரிப் பசங்களோட ஃபேஷன் ஆயிடுச்சு. குறையே பெருமை!

ஆனா இதை நம்பி யாரும் தொழில் பண்ண முடியாது. எல்லா நேரமும் பத்திரிகை வந்து காப்பாத்தாது. சரக்கு திரும்பி வந்தா அந்த அடி கடைசியில தறிக்காரர் கூலியில வந்து விழும்.

இன்னைக்கு நம்ம பக்கத்துல கரூர், திருப்பூர் ஏற்றுமதிக்காரங்க இதுக்கு வழி வெச்சிருக்காங்க. முதல்ல லேப் டிப், அதாவது சின்னத் துண்டுல சாயம் ஏத்தி நிறத்துக்கு ஒப்புதல். அப்புறம் சாயம் நிக்குதான்னு சோதனை. பல வகை நூல் சேர்ந்த ஒரு வெள்ளைப் பட்டையைத் துணியோட தைச்சு மெஷின்ல சுத்துவாங்க. வெள்ளையில எவ்வளவு கறை ஏறுதுன்னு பார்த்து 1ல இருந்து 5 வரைக்கும் மார்க். 5 வாங்கினா கறையே இல்லைன்னு அர்த்தம். அமெரிக்க முறையில ஒரு சோதனை இருக்கு: 45 நிமிஷ ஓட்டம், வீட்டுல அஞ்சு தடவை துவைச்சதுக்குச் சமம். யோசிச்சுப் பார்த்தா அந்த வெள்ளைப் பட்டை வேற ஒண்ணுமில்லை, அம்மா சேர்க்காதேன்னு சொன்ன அதே வெள்ளைத் துணிதான் :-)

வெளிநாட்டுல எதையாவது செய்யச் சொல்லி வாங்குற நண்பர்களுக்கும் இதான் சேதி. சாம்பிள் வந்ததும் அழகு பார்க்காதீங்க. உங்க வாடிக்கைக்காரர் அதை என்ன பாடு படுத்துவாரோ, அந்தப் பாட்டை நீங்க முதல்ல படுத்துங்க. செஞ்சவர் போகிற போக்குல சொல்ற எச்சரிக்கையை எழுதி வாங்கி, கடைசி ஆள் கைக்குப் போய்ச் சேர்ற மாதிரி லேபிள்ல தைச்சிடுங்க.