விழிஞ்ஞத்துப் படகும் கடன் பேரேடும்

லீவில் திருவனந்தபுரம் போகிறவர்கள் கோவளத்தோடு திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் தெற்கே விழிஞ்ஞம் வரைக்கும் போங்கள். 2025 மே மாதம் திறந்த பெரிய துறைமுகத்தை எல்லோரும் படம் பிடிப்பார்கள். நான் சொல்ல வந்தது பக்கத்து மீன்பிடித் துறையில் நிற்கும் பிளைவுட் படகுகளைப் பற்றி.

1952-ல் இந்தியா, நார்வே, ஐ.நா. மூன்றும் ஒப்பந்தம் போட்டு, கொல்லம் அருகே நீண்டகரையில் மீன்பிடித் திட்டம் தொடங்கின. பணமும் நல்லெண்ணமும் இருந்தன. ஆனால் முடிவெடுக்கும் கமிட்டிகளுக்கும் வலை இழுக்கும் கைக்கும் நடுவே படிகள் அதிகம். அங்கே வந்த இயந்திரப் படகுகள் ஒதுங்க அஷ்டமுடிக் காயலின் முகத்துவாரம் இருந்தது. தெற்கே பெரும்பாலும் அலை உடைகிற வெறும் மணல்தான். படகை ஆள் பலத்தால்தான் கரையேற்ற வேண்டும். எனவே அங்கே கட்டுமரமே நீடித்தது. நாளெல்லாம் ஈரத்தில் உட்கார்ந்து தொழில் செய்தார்கள்.

பிளைவுட் படகு பிறந்த விதம் வேறு. கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் பெல்ஜியப் பொறியாளர் பியர் ஜில்லே, மீனவர்களோடு சேர்ந்து படகு கட்டிப் பார்த்தார். 1985-ல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பே 'ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்'. (ஷூமாக்கர் படித்தவர்கள் சிரிப்பார்கள்.) 1980-ல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸ், அந்தப் படகுகளைக் கட்டிப் பரப்பியது.

வங்கிக்காரன் கண்ணுக்கு ருசியான விஷயம் இனிமேல்தான். கீழே ஊர்ச் சங்கம், நடுவில் மாவட்டக் கூட்டமைப்பு, மேலே சிஃப்ஸ். மீனை ஏலம் விடுவதும் ஊர்ச் சங்கம், அன்றைய விற்பனையிலேயே கடனுக்குப் பிடிப்பதும் அதே சங்கம். படகின் விளிம்பு வலை இழுக்க உயரமாக இருந்தாலோ, நாலு பேரால் தள்ள முடியாமல் கனத்தாலோ, கடலுக்குப் போகிற நாள் குறையும்; பேரேட்டில் தவணை குறையும். படகு கட்டுவதும் இவர்கள் கூட்டமைப்புதானே? புகார் நேரே தச்சுப் பட்டறைக்குப் போகும். நாங்கள் இயந்திரக் கடன் கொடுக்கிறோம். வாராக் கடன் ஆனால் ஜப்தி நோட்டீஸ் போகும், இயந்திரம் செய்தவருக்கு ஒரு வரி போகாது.

எல்லாம் இனிப்பு என்று சொல்லவில்லை. அவுட்போர்டு மோட்டார் வந்தது, கூடவே மண்ணெண்ணெய்ச் செலவும் வந்தது.

இப்போது பெரிய துறைமுகத்தில், சீனாவிலிருந்து 2023 அக்டோபர் முதல் கப்பலில் வந்திறங்கிய கிரேன்களைத் தூரத்து அறையில் திரை பார்த்து இயக்குகிறார்கள். உள்ளூர் மீனவக் குடும்பத்துப் பெண்களும் அதில் உண்டு. திரை உயரம் கழுத்தை வலித்தால் அந்தப் புகார் எத்தனை மேசை தாண்ட வேண்டும் என்று என் வங்கிப் புத்தி எண்ணிக்கொண்டே இருக்கிறது.