மூன்று திடல்கள், 181 ஆண்டுகள்

சிங்கப்பூர்த் தேக்காவில் மீன்தலைக் கறி சாப்பிடப் போகிறவர்கள் பலருக்கும் ரேஸ் கோர்ஸ் சாலை தெரியும். வாழை இலைச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் பேர்போன சாலை அது. அங்கே இன்று குதிரைக்கான தடயம் சாலையின் பெயர்ப்பலகையில் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் சுமார் தொண்ணூறு ஆண்டுகள் தீவின் பெரிய பொழுதுபோக்கு நடந்தது அந்தச் சாலையை ஒட்டிய திடலில்தான். பந்தயம் அங்கிருந்து பூக்கிட் தீமாவுக்குப் போனது. பிறகு கிராஞ்சிக்குப் போனது. 2024 அக்டோபர் 5ஆம் தேதி அங்கேயே முடிந்தும் போனது.

தொடக்கம் 1842. டபிள்யூ.எச். ரீட் உள்ளிட்ட ஐரோப்பிய வணிகர்கள் சிலர் கூடி சிங்கப்பூர் ஸ்போர்ட்டிங் கிளப்பை அமைத்தார்கள். சிராங்கூன் சாலைப் பக்கம் சதுப்பும் புதருமாகக் கிடந்த நிலத்தைத் திருத்தித் திடலாக்கி, 1843 பிப்ரவரியில் முதல் பந்தயத்தை நடத்தினார்கள். சிங்கப்பூர் கோப்பைக்கான பரிசு 150 வெள்ளி. ‘கர்னல்’ என்ற குதிரையில் ஏறி அதை வென்றவர் ரீட். கிளப்பைத் தொடங்கியவரே குதிரையேறிப் பரிசையும் வாங்கும் அளவுக்குச் சின்ன வட்டம் அது.

வட்டம் விரிய நாளாகவில்லை. பந்தய நாள் ஊருக்கே விடுமுறை நாள் போல ஆனது. ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் குதிரைகள் வந்து இறங்கின. ஜொகூர் சுல்தான் அபு பக்கர் பந்தயத்தின் பெரிய ஆதரவாளரானார். சீன வணிகர்கள் குதிரை வளர்த்தார்கள். திடலுக்குப் பக்கத்திலேயே மாட்டுத் தொழுவங்களும், பால் கறந்து விற்ற தமிழர்களும், மாட்டு வணிகர்களும், அவர்களை நம்பி வந்த கடைகளும் சேர்ந்து இன்றைய லிட்டில் இந்தியாவாக வளர்ந்தன. புல்லும் தண்ணீரும் கால்நடை பழகிய கைகளும் ஒரே இடத்தில் கிடைத்தது குதிரைக்கும் மாட்டுக்கும் ஒருசேர வசதியாக இருந்தது.

அந்தத் திடல் பந்தயத்தை மட்டும் பார்த்த இடமல்ல. 1911 மார்ச் 16ஆம் தேதி பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோசப் கிறிஸ்டியான்ஸ் சிங்கப்பூரின் முதல் விமானத்தைப் பறக்கவிட்டது அங்கிருந்துதான். ஊருக்குள் அவ்வளவு பெரிய வெட்டவெளி வேறு எங்கே கிடைக்கும்? பந்தயம் இடம்பெயர்ந்த பிறகு அது ஃபேரர் பார்க் என்ற விளையாட்டு மைதானமானது. 1942 பிப்ரவரி 17, பிரிட்டன் சரணடைந்து இரண்டு நாள் கழித்து, பிரிட்டிஷ் இந்தியப் படையின் பல்லாயிரக்கணக்கான வீரர்கள் அங்கே அணிவகுக்க வைக்கப்பட்டார்கள். பிரிட்டிஷ் அதிகாரி அவர்களை ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தார். கேப்டன் மோகன் சிங் எழுந்து இந்திய தேசிய ராணுவத்தில் சேரச் சொல்லி அழைத்தார். மறு ஆண்டு நேதாஜி வந்தபின் மலாயாத் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த அந்தப் படையின் கதையில் ஒரு பழைய குதிரைப் பந்தயத் திடலுக்கும் பங்கு உண்டு என்பதை நம் பாடப்புத்தகங்கள் சொல்ல வேண்டும்.

1924இல் கிளப்பின் பெயர் சிங்கப்பூர் டர்ஃப் கிளப் என்று மாறியது. அதற்குள் ஊர் வளர்ந்து திடலைச் சூழ்ந்துவிட்டது. பூக்கிட் தீமாவில் ஒரு ரப்பர் தோட்டத்தை வாங்கி, புதிய திடல் அமைத்து, 1933இல் ஆளுநர் செசில் கிளமென்டியைக் கொண்டு திறந்தார்கள். போரும் ஆக்கிரமிப்பும் முடிந்து 1947இல் பந்தயம் மறுபடி தொடங்கியது. 1972இல் எலிசபெத் ராணியே அங்கு வந்து பந்தயம் பார்த்தார். பூக்கிட் தீமாவின் காலம்தான் பொற்காலம் என்று பழைய ரசிகர்கள் சொல்வதில் மிகை அதிகம் இல்லை.

அந்தக் காலத்தில் பந்தயம் ஒரு ஊரின் சொத்தாக இருக்கவில்லை. சிங்கப்பூர், கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு ஆகிய நான்கும் ஒரே சுற்று. ஒரு வாரம் இங்கே, அடுத்த வாரம் அங்கே. குதிரை, ஜாக்கி, பயிற்சியாளர், குதிரைக்காரர் என்று மொத்தக் கூட்டமும் தீபகற்பத்தின் மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தது. நாடு இரண்டான பிறகும் இந்தச் சுற்று உடையவில்லை. ஒவ்வொரு திடலும் மற்ற மூன்றின் தோளில் நின்றது. பின்னாளில் ஒன்று சாய்ந்தபோது மற்றவையும் ஆட்டம் கண்டதற்குக் காரணம் இதுதான்.

பந்தயத்தின் கணக்கு எளிது. வெல்லும், இடம்பிடிக்கும் என்று மக்கள் கட்டும் பணம் வகைவாரியாகப் பொதுத் தொகையில் சேர்கிறது. அதில் வரியும் கிளப்பின் பங்கும் கழிந்து, மீதி ஜெயித்தவர்களுக்குப் போகிறது. கிளப்பின் பங்கிலிருந்து பரிசுப் பணம் வருகிறது. பரிசுப் பணத்தை நம்பித்தான் உரிமையாளர் குதிரை வாங்குகிறார். சிங்கப்பூரில் பந்தயக் குதிரை இனப்பெருக்கம் கிடையாது. பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்தோ நியூசிலாந்திலிருந்தோ விமானத்தில் வரவேண்டியிருந்தது. வெயிலுக்கு ஏற்ற கொட்டில், தீனி, மருத்துவம், பயிற்சிக் கட்டணம் என்று மாதம் தவறாமல் செலவு. பணம் கட்டும் கூட்டம் குறைந்தால் பரிசு குறையும். பரிசு குறைந்தால் குதிரை வராது. குதிரை குறைந்தால் ஓட்டத்தில் சுவாரசியம் போய், இருக்கும் கூட்டமும் கலையும்.

கூட்டம் ஏன் கலைந்தது? விதையைக் கிளப்பே விதைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். 1966இல் 4டி என்ற நான்கு இலக்கச் சீட்டை அறிமுகப்படுத்தியது டர்ஃப் கிளப்தான். குதிரையின் வம்சம் தெரிய வேண்டாம், தரையின் ஈரம் பார்க்க வேண்டாம், ஜாக்கியின் எடை கேட்க வேண்டாம். வீட்டு எண்ணையோ வண்டி எண்ணையோ எழுதிக் கொடுத்தால் போதும். சிங்கப்பூரில் அது இன்றும் ஓடுகிறது. பிறகு கால்பந்துப் பந்தயம் சட்டப்படி வந்தது. 2010இல் மரினா பே சாண்ட்ஸ், செந்தோசா என இரண்டு கேசினோக்கள் திறந்தன. அந்த ஆண்டு பந்தய நாளொன்றுக்குச் சராசரியாக 11,000 பேர் வந்துகொண்டிருந்தார்கள். 2019இல் அது சுமார் 6,000. கொரோனாவுக்குப் பிறகு 2,600 அளவில் நின்றுவிட்டது.

கிராஞ்சித் திடலின் சோகம் இதில்தான் இருக்கிறது. அது வீழ்ச்சிக் காலத்தில் மனமில்லாமல் கட்டிய இடமல்ல. 50 கோடி வெள்ளி செலவில், 30,000 பேர் அமரும் மாடத்தோடு 1999இல் எழுந்தது. மறு ஆண்டே 30 லட்சம் வெள்ளி பரிசுக்கு அனைத்துலகப் பந்தயம் நடந்தது; அதன் முதல் கோப்பையை உள்ளூர்க் குதிரை ‘ஊசோ’வே வென்றது. 2011இல் சிங்கப்பூரில் பயிற்சி பெற்ற ‘ராக்கெட் மேன்’ துபாய்க்குப் போய் கோல்டன் ஷஹீன் பந்தயத்தில் முதலாவதாக வந்தது. உலகத் தரத்தில் ஓடிய இடம் அது. ஆனால் அந்த அனைத்துலகக் கோப்பை 2015ஓடு நின்றது. கொரோனாக் கட்டுப்பாடுகளால் எல்லை தாண்டிய குதிரைப் போக்குவரத்தும் தடைபட்டு, பழைய சுற்றின் உயிர்நாடி அறுந்தது.

2023 ஜூன் 5ஆம் தேதி பந்தயத்தை நிறுத்தும் முடிவு அறிவிக்கப்பட்டது. சுமார் 120 ஹெக்டர் நிலத்தை 2027 மார்ச்சுக்குள் அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது திட்டம். அதில் வீடுகளும் பிற வசதிகளும் வரும். அப்போது கொட்டில்களில் இருந்தவை சுமார் 700 குதிரைகள். கிளப்பில் வேலை பார்த்தவர்கள் சுமார் 350 பேர். நிலப் பஞ்சம் உள்ள சின்னத் தீவில் இந்த முடிவைக் கண்மூடித்தனமாகக் குறைசொல்ல முடியாது. பூக்கிட் தீமாவின் பழைய திடலிலும் இப்போது 15,000 முதல் 20,000 வீடுகள் கட்டத் திட்டம் இருக்கிறது. வீடு தேடி நிற்கும் இளம் தம்பதிக்கு அந்த நிலம் போவது நியாயமே.

சூதாட்டத்தால் அழிந்த குடும்பங்களின் கண்ணீரும் இந்த வரலாற்றில் உண்டு. அதை மறைத்துப் பழம்பெருமை பேசுவது தவறு. ஆனால் மூடப்பட்டது சூதாட்டமல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். கேசினோக்கள் திறந்திருக்கின்றன. 4டி கடைகளில் வரிசை நிற்கிறது. வெளிநாட்டுக் குதிரைப் பந்தயங்களின் மீது சிங்கப்பூரில் உட்கார்ந்தபடியே சட்டப்படி பணம் கட்டலாம். போனவை குதிரையும் அதைப் பேணிய கையும் அதைக் கண்ணால் பார்த்த கூட்டமும்தான். பணத்தை இழக்கும் வாய்ப்பு அப்படியே இருக்கிறது.

சிங்கப்பூர் தனியாகப் போகவில்லை. 2024 ஏப்ரல் 1ஆம் தேதி மக்காவ் பந்தயம் முடிவுக்கு வந்தது. அதே ஆண்டு ஜூனில் ஊட்டியின் 52 ஏக்கர் பந்தயத் திடலை, பல நூறு கோடி ரூபாய் குத்தகை பாக்கிக்காகத் தமிழக அரசு மீட்டெடுத்தது. கோடை சீசனில் பேருந்து நிலையத்துக்கு எதிரே குதிரை ஓடிய காட்சியும் அத்தோடு போயிற்று. பினாங்கில் 1864இல் தொடங்கிய கிளப் 2025 மே 31ஆம் தேதி தன் கடைசிப் பந்தயத்தை நடத்தியது. கோலாலம்பூரின் பழைய திடலோ எப்போதோ போய்விட்டது. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்கள் நிற்பது அந்த நிலத்தில்தான்.

இந்த 181 ஆண்டுகளில் யாருடைய பெயர்கள் எழுதப்பட்டன? 1843இன் கோப்பையில் குதிரையின் பெயர் தெரிகிறது, ரீட் பெயர் தெரிகிறது. அந்தக் குதிரைக்குத் தண்ணீர் காட்டி, உடம்பு தேய்த்து, இரவில் கொட்டிலில் காவல் படுத்தவர் யார் என்று தெரியவில்லை. இந்தோனேசியாவின் பாவியன் தீவிலிருந்து வந்தவர்கள், மலாய்க்காரர்கள், தமிழகத்திலிருந்து கப்பலேறியவர்கள் என்று தலைமுறை தலைமுறையாகக் குதிரைக்காரர்கள் விடியும் முன் எழுந்து வேலை பார்த்தார்கள். குதிரைக்கு வயிற்றுவலி என்றால் முதலில் கண்டுபிடிப்பவர் அவர். ஜெயித்த குதிரையோடு எடுத்த படத்தில் ஓரத்தில் நின்றவரும் அவர். பரிசுப் பட்டியல்களில் அவருக்கு இடமில்லை.

கிராஞ்சித் திடல் இடிபடுவதைத் தடுக்க யாராலும் முடியாது. தடுக்க வேண்டியதும் இல்லை. ஆனால் அங்கேயும் பூக்கிட் தீமாவிலும் பினாங்கிலும் கொட்டில் வேலை பார்த்த பெரியவர்கள் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். உங்கள் தாத்தாவோ மாமாவோ பக்கத்து வீட்டுக்காரரோ அவர்களில் ஒருவராக இருந்தால், உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஆண்டு சேர்ந்தார், எந்தக் குதிரையைப் பார்த்துக்கொண்டார், என்ன சம்பளம் வாங்கினார் என்று அவர் வாயால் சொல்வதைக் கைபேசியில் பதிவு செய்து, பழைய படங்களோடு தேசிய ஆவணக் காப்பகத்துக்கோ அருகிலுள்ள நூலகத்துக்கோ கொடுங்கள். அதை இந்த ஆண்டே செய்யுங்கள்.